கந்தூரித் தெருவில் ஒரு வகுப்பு

ஒரு கந்தூரி இரவில் என் நிகழ்ச்சி மேலாண்மை மாணவர்களை நாகூருக்கு அழைத்துப் போனேன். ரதத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் மூங்கில் கவட்டைக் கம்போடு நடந்தார். தாழ்ந்து தொங்கிய கேபிள்களைத் தூக்கிப் பிடித்து, ரதம் தாண்டியதும் மெல்ல இறக்கிவிட்டார். எந்தத் திருப்பத்தில் எது தாழும் என்பது அவருக்கு மனப்பாடம். ரதத்தைப் படமெடுத்த மாணவனிடம், “ரதத்தப் பாக்காத தம்பி, மேல பாரு” என்றார்.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரத்தின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். மேலே பார்ப்பதுதான் முதல் பாடம். எங்கள் பாடத்திட்டத்திலோ மாநாட்டு அரங்கும் நட்சத்திர விடுதியும்தான் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

நாகூர் தர்காவின் கந்தூரி 14 நாள் விழா. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் வரும் கொடிகள் தர்காவின் ஐந்து மினாராக்களிலும் ஏறும். மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிய பெரிய மினாராவின் உயரம் 131 அடி. இரவெல்லாம் ஊர்ந்துவரும் சந்தனக்கூடு விடியற்காலையில் தர்காவைச் சேரும். இத்தனை கூட்டத்தையும் குறுகிய தெருக்களே தாங்குகின்றன.

பக்கத்து வேளாங்கண்ணித் திருவிழா எப்போதும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரைதான். கந்தூரி பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். ஒரு தலைமுறை சித்திரை வெயிலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும். இன்னொரு தலைமுறை ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டத்தை எங்கே ஒதுக்குவது என்று திண்டாடும். இப்போது நாம் மழைக்காலத்தில் நிற்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த அதே கரை இது. கும்பகோணம் மகாமகமோ 12 ஆண்டுக்கு ஒருமுறை. 1992-இல் நெரிசலில் ஏறத்தாழ 50 பேரைப் பறிகொடுத்தோம். ஒரு மகாமகத்தில் வேலை பார்த்த அதிகாரி அடுத்ததில் அங்கே இருப்பது அரிது. அவர் கற்றதை யாராவது எழுதி வைக்க வேண்டும். டெல்டாவைப் போல இத்தனை விதமான கூட்டங்களைக் கற்றுத்தரும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கடலையும் மறக்கக் கூடாது. நாகூர் வரும் குடும்பங்கள் சில்லடிக் கடற்கரைக்கும் போகும். 2004 சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 உயிர்களுக்கு மேல் கொண்டுபோனது. ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல, படித்த பிள்ளைகள் கரையில் நிற்க வேண்டும்.

மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கியது. அதேபோல் சுற்றுலாப் படிப்பின் ஒரு பருவத்தையாவது நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் நடத்துங்கள் என்று துணைவேந்தர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் தெருவின் அகலத்தை அளக்கட்டும், தலைகளை எண்ணட்டும், தாழ்ந்த கம்பிகளை வரைபடத்தில் குறித்து மின்வாரியத்திடம் கொடுக்கட்டும். மதிப்பெண்ணை அதற்குப் போடுங்கள். கவட்டைக் கம்புப் பெரியவரையும் மதிப்பூதியம் கொடுத்து வகுப்பெடுக்க அழையுங்கள்.

கட்டுரையாளர்: சுற்றுலா மேலாண்மைப் பேராசிரியர்.