ரேஞ்ச் இல்லாத மலைக்குக் ‘காஸ்ட்’ எதற்கு?

2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. மலையாளவழிப் பாடங்கள் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே வீட்டுக்குள் வந்தன. தமிழ்வழிப் பாடங்கள் யூடியூபில் ஏற்றப்பட்டன. மூணாறைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் ரேஞ்ச் தேடிப் பிள்ளைகள் சாலையோரத்தில் உட்கார்ந்து படித்தது செய்தியானது. அதை மறந்தவர்கள்தாம் இன்று தேவிகுளம், பீர்மேட்டு லயங்களுக்கும் அட்டப்பாடி, சித்தூர்ப் படிப்பகங்களுக்கும் ‘காஸ்ட்’ உள்ள தொலைக்காட்சியே போதும் என்கின்றனர்.

போதாது. 2013இல் குரோம்காஸ்டுடன் வந்த கூகுள் காஸ்ட் முறையில் கைபேசி வெறும் ரிமோட்தான். யூடியூப் பாடத்தைத் தொலைக்காட்சியே இணையத்திலிருந்து நேராக இழுத்துக்கொள்கிறது. கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ இது சிறந்த ஏற்பாடு: கைபேசியின் சார்ஜ் குறையாது, அழைப்பு வந்தாலும் படம் நிற்காது. வளைவுச் சாலையில் மட்டும் ரேஞ்ச் எட்டும் ஊரில் அந்தத் தொலைக்காட்சி எதை இழுக்கும்?

வைஃபை அலையன்ஸ் 2012இல் வெளியிட்ட மிராகாஸ்ட் வேறு வகை. கைபேசியின் திரை அப்படியே தொலைக்காட்சிக்குப் போகிறது. இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்வதால் ரவுட்டரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பகலில் சாலையோரம் இறக்கி வைத்த பாடத்தை இரவில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து பார்க்கலாம். குறைகள் உண்டு: திரை அணையக் கூடாது, சார்ஜ் கரையும், சில வேளை படம் திக்கும். பழைய டிஎல்என்ஏவும் இணையமின்றி இயங்குவதே. ஆனால் அது தனிக் கோப்பைத்தான் அனுப்பும். யூடியூப் செயலி தனக்குள் பூட்டி வைத்த பாடத்தைத் தொடாது. (பென்டிரைவுக்கும் இதே கதிதான்.)

இத்தகைய பயனுள்ள வழி ஏன் அருகிப் போகிறது? 2012இல் ஆண்ட்ராய்டு 4.2இல் மிராகாஸ்டைச் சேர்த்த கூகுள், பின்னாளில் தன் சொந்தக் கைபேசிகளிலிருந்து அதை விலக்கிக் காஸ்டை முன்னிறுத்தியது. சாம்சங் போன்றவை இன்னும் வைத்திருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் வணிக முடிவைத் தொழில்நுட்ப முன்னேற்றமாகக் கொள்வது அறியாமை. அந்த நிறுவனத்தைச் சார்ந்திருப்பதன் விலையை 2025 மார்ச் காட்டியது: ஒரு சான்றிதழ் காலாவதியானதால், உலகெங்கும் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்டுகள் சில நாள் முடங்கின. கருவிகளில் பழுதே இல்லை.

கைட் நிறுவனத்தின் உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டம் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் ப்ரொஜெக்டரும் தந்தது. அங்கே ஒரு எச்டிஎம்ஐ கம்பி இந்த வழக்கையே தீர்த்துவிடும். லயத்தில் இருப்பதோ விலை குறைந்த கைபேசி. பெரும்பாலும் அதில் அக்கம்பியைச் செருக வழியில்லை.

ஆகவே ஊராட்சியோ நூலகமோ தொலைக்காட்சி வாங்கும் நாளில், அவ்வூர்ப் பிள்ளைகளின் கைபேசிகளையே கடைக்குக் கொண்டுசெல்லட்டும். டேட்டாவை அணைத்து, கடையின் வைஃபையையும் துண்டித்து, இறக்கி வைத்த தமிழ்ப் பாடம் ஒன்றைத் திரையில் ஓட்டிக் காட்டச் சொல்லட்டும். ஓடாத பெட்டிக்குப் பொதுப்பணத்தைத் தரக் கூடாது.