ஆண் பாட்டைப் பெண் பாடக்கூடாதா?



போன மாதம் நடந்த பாட்டுப் போட்டியில் நான் ஒரு சினிமா பாட்டு பாடினேன். மகளைப் பிரிந்து இருக்கிற அப்பா, அவளை நினைத்துப் பாடுகிற பாட்டு அது. பாடி முடித்ததும் நடுவர், "குரல் நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா இது ஆம்பளப் பாட்டாச்சே! பொம்பளப் புள்ளைக்கு ஏத்த மாதிரி ஒண்ணு பாடியிருக்கலாம்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பரிசு கிடைக்காதது பெரிசில்லை. அந்தச் சிரிப்புதான் ரெண்டு நாள் என்னைத் தூங்க விடவில்லை.

ஆங்கில டீச்சரிடம் சொன்னேன். அவங்க சிரிக்கவில்லை. சாயங்காலம் மணி அடித்த பிறகு செல்போனில் சில பாட்டுகளைப் போட்டுக் காட்டி, அர்த்தமும் சொன்னாங்க. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அமெரிக்காவில் டோரி ஏமஸ் என்று ஒரு பாடகி இருக்கிறார். 5 வயதிலேயே பால்டிமோர் நகரத்தின் பீபாடி இசைப் பள்ளியில் பியானோ படிக்கச் சேர்ந்தவர். தானே பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடுபவர். 1992-ல் வந்த முதல் தனி ஆல்பத்திலேயே பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் 2001 செப்டம்பரில் 'ஸ்ட்ரேஞ்ச் லிட்டில் கேர்ள்ஸ்' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதில் 12 பாட்டு. ஒன்றுகூட அவர் எழுதியது இல்லை. பன்னிரண்டும் ஆண்கள் எழுதியவை! பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு பெண்ணாகத் தன்னை நினைத்துக்கொண்டு பாடினார். அந்தப் பெண்களைப் போலவே வேஷம் போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்.

ஒருவர் ஏற்கெனவே பாடிய பாட்டை இன்னொருவர் தன் முறையில் மறுபடி பாடிப் பதிவு செய்தால் அதற்குக் 'கவர்' என்று பெயராம். "சொந்தச் சரக்கு தீர்ந்து போச்சா டீச்சர்?" என்று கேட்டேன். "கேட்டுட்டுச் சொல்லு" என்றாங்க.

எமினெம் என்பவர் 1999-ல் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு பாட்டு. மனைவியைக் கொன்றவன், உடலைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு, சின்ன மகளோடு ஏரிக்குப் போகிறான். வழியெல்லாம் குழந்தையிடம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிறான். அந்தப் பாட்டில் அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. டோரி ஏமஸ் அதே சொற்களை, டிக்கிக்குள் கிடக்கும் அந்த அம்மாவாக இருந்து, கிசுகிசுப்பாகச் சொல்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டீச்சர் பாதியிலேயே நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கதையாகத்தான் சொன்னாங்க. சொல் மாறவில்லை. சொல்கிற ஆள் மாறினார். பாட்டே மாறிவிட்டது!

இன்னொன்று, 1968-ல் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் எழுதியது. அதன் தலைப்பிலேயே துப்பாக்கி வரும். எழுதிய லெனனே 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். டோரி ஏமஸ் அந்தப் பாட்டைக் கிட்டத்தட்ட 10 நிமிடம் நீட்டி, துப்பாக்கியைப் பற்றிப் பலர் பேசும் பேச்சுகளை நடுவே சேர்த்திருக்கிறார். அதில் அவருடைய அப்பாவின் குரலும் உண்டு. பழைய பாட்டுக்குள் இத்தனை இடம் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

எல்லாப் பாட்டும் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். நீல் யங் 1972-ல் மென்மையாகப் பாடிய ஒரு பாட்டை இவர் ஒரே இரைச்சலாக்கி வைத்திருக்கிறார். எனக்குப் பழைய பாட்டுதான் பிடித்தது.

"அடுத்தவன் பரீட்சைப் பேப்பரைப் பார்த்து எழுதினா முட்டை போடுறாங்க. பாட்டுல மட்டும் காப்பி அடிக்கலாமா?" என்று எங்கள் வகுப்புப் பையன்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காப்பி அடிக்கிறவன் யாரைப் பார்த்து எழுதினான் என்று சொல்லவே மாட்டான். கவர் பாட்டில் எழுதியவர் பெயரைப் போட வேண்டும், விற்றால் அவருக்குரிய ராயல்டியும் போய்ச் சேர வேண்டும். காப்பியில் புதிதாக ஒன்றும் இருக்காது. நல்ல கவரில், எழுதியவருக்கே தெரியாத ஒன்று இருக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்க அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். மாதம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். நான் மேடையில் பாடியபோது ஆம்பளை மாதிரி நடிக்கவில்லை. அந்தப் பாட்டில் அப்பா நினைத்து ஏங்குகிற மகள் இருக்கிறாளே, அவள் வாயே திறக்கவில்லை. அவளுக்காகத்தான் பாடினேன். நடுவர் ஐயா அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

பாட்டு, எழுதியவருக்குச் சொந்தம். சரி. ஆனால் அதைப் பாட ஆண் என்ன, பெண் என்ன? பாடுகிறவர் மனசில் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த போட்டியிலும் அதே பாட்டைத்தான் பாடப் போகிறேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்!

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி