சுவருக்கு முன்னால் ஒரு கோடு

வருமான வரிக் கணக்குக்கு டெட்லைன், கல்லூரி அசைன்மென்ட்டுக்கு டெட்லைன், ஐ.டி. கம்பெனியில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டெட்லைன். பத்திரிகைக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். அதில் உள்ள 'டெட்' சும்மா மிரட்டலுக்குச் சேர்த்தது என்றுதான் தோன்றும். ஆனால் முதன்முதலில் அந்தப் பெயர் வாங்கிய கோட்டைத் தாண்டியவர்கள் நிஜமாகவே செத்துப்போனார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். 1864 பிப்ரவரியில் தென் மாநிலங்களின் அரசு, ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் போர்க் கைதிகளுக்காக ஒரு சிறையைத் திறந்தது. சிறை என்றால் கட்டடமெல்லாம் கிடையாது. பைன் மரங்களை வெட்டி நெருக்கி நட்டு, நாலு பக்கமும் பதினைந்து அடிக்கு மேல் உயரத்தில் மரச்சுவர். உள்ளே வெறும் பொட்டல். கைதிகள் கந்தல் துணியையும் போர்வையையும் கட்டி அதன் நிழலில் கிடந்தார்கள். சுவரிலிருந்து சுமார் 19 அடி உள்ளே தள்ளி, சின்னச் சின்ன கம்பங்களை நட்டு, மேலே மெல்லிய மரச்சட்டம் அடித்திருந்தார்கள். ஆடுகூட அலட்சியமாகத் தாண்டிவிடக்கூடிய வேலி. அதற்குப் பெயர்தான் 'டெட் லைன்'. தாண்டினால், மேலே பரணில் நிற்கும் காவலாள் சுடுவான்.

10,000 பேருக்கென்று கட்டிய இடத்தில் ஆகஸ்ட் மாதம் 32,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். குடிக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் நடுவே ஓடிய ஒரே ஓடை. கீழே போகப் போகச் சாக்கடை. ஓடை உள்ளே நுழைகிற இடத்தில் தண்ணீர் கொஞ்சம் தேவலை. வேலியும் அங்கேதான் இருந்தது. சட்டத்துக்கு அடியில் கையை நீட்டி ஒரு குவளை மொள்ளப் போனவர்கள் குண்டடிபட்டிருக்கிறார்கள்.

14 மாதங்களில் அங்கே வந்த சுமார் 45,000 பேரில் 13,000 பேர் வரை இறந்தார்கள். துப்பாக்கியால் செத்தவர்கள் அதில் சொற்பம். பெரும்பாலோரைக் கொன்றது பட்டினியும் வயிற்றுக்கடுப்பும் ஸ்கர்வி நோயும்தான். சிறை அதிகாரி ஹென்றி விர்ஸைப் போர் முடிந்ததும் விசாரித்து, 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கிலிட்டார்கள். அந்த விசாரணையில் இந்த வேலியும் பேசப்பட்டது. ஜெயித்த வடக்கத்திக்காரர்களின் சிறைகளிலும் இதே கோடு இருந்ததுண்டு. அங்கே யாரும் தூக்கில் தொங்கவில்லை. தோற்றவன் கோடு மட்டும்தானே குற்றம்!

பிறகு அச்சு இயந்திரத்திலும் ஒரு டெட்லைன் வந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே எழுத்தைக் கோத்தால் தாளில் விழாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் அதுவே நேரத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 1920-இல் 'டெட்லைன் அட் லெவன்' என்று ஒரு பத்திரிகை உலகக் கதையே மௌனப்படமாக வந்திருக்கிறது. மண்ணில் கிடந்த கோடு கடிகாரத்துக்கு ஏறிவிட்டது.

எனக்கு இதில் பிடிபடுவது அந்த 19 அடிதான். டெட்லைன் என்பது சுவர் அல்ல. சுவர் இன்னும் பின்னால் இருக்கிறது. யாரும் அதை நெருங்கிவிடக் கூடாதென்று காவலுக்கு இருப்பவர்கள் முன்கூட்டியே போட்டுவைக்கிற கோடு இது. பத்திரிகையிலும் அப்படியே. உதவி ஆசிரியர் "சார், இன்னிக்கு சாயங்காலம் மேட்டர் வந்தாகணும்" என்பார். அச்சகம் பக்கங்களைக் கேட்பது மறுநாள் ராத்திரிக்கு. நடுவில் உள்ள இடைவெளி எத்தனை அடி என்பது, வருஷக்கணக்காக எழுதுகிறவர்களுக்கு அத்துப்படி. புதிதாக எழுத வருகிறவர்கள்தான் பாவம், சொன்ன நேரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.