தர்மம் தரமணியோடு நின்றுவிடலாமா?

பத்திரிகைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே தர்ம காரியமாக வைத்திருக்கும் அமைப்புகள் உலகில் சில உண்டு. இங்கிலாந்தின் தாம்சன் பவுண்டேஷன் அவற்றில் பெயர் பெற்றது. 1962-ல் ராய் தாம்சன் தொடங்கியது. டிவி லைசென்ஸ் என்பது பணம் அச்சடிக்கக் கிடைத்த லைசென்ஸ் என்று சொன்னாரே, அதே பத்திரிகை முதலாளிதான்! அச்சடித்ததில் கொஞ்சத்தை வளரும் நாடுகளின் நிருபர்களுக்காக ஒதுக்கினார். புண்ணியவான்.

நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். பாலவாக்கத்திலிருந்து திருவான்மியூரைத் தாண்டினால் தரமணி. அங்கே இருக்கிறது ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம். பெங்களூரில் 1994-ல் எக்ஸ்பிரஸ் குழுமத்தின் ஆதரவில் பிறந்து, 2000-ல் சென்னைக்கு வந்தது. மீடியா டெவலப்மென்ட் பவுண்டேஷன் என்ற லாப நோக்கமில்லாத அறக்கட்டளை நடத்துகிறது. ஏசியாநெட் டிவியைத் தொடங்கிய சசி குமார் ஆரம்பம் முதல் தலைவர். இந்து என். ராம் அறங்காவலர்களில் ஒருவர். இலங்கை, நேபாளம், வங்கதேசம், பூட்டான் என்று அக்கம்பக்கத்து நாட்டுப் பிள்ளைகளும் வந்து படிக்கிறார்கள். தரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன்.

என் சண்டை வேறு. பாடம் ஆங்கிலத்தில். கட்டணம் லட்சங்களில். உதவித்தொகை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் சரளமாக எழுதத் தெரிந்தவனுக்குத்தானே அந்தக் கதவும் திறக்கும்? பக்கத்திலேயே பிரஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவும் இருக்கிறது, 1963-ல் தொடங்கியது. அது நடத்தும் 'விதுரா' ஆங்கிலப் பத்திரிகை. கிராமத்துச் செய்திகளுக்கென்று ஒரு பத்திரிகை போட்டார்கள், அதன் பெயரே 'கிராஸ்ரூட்ஸ்'. புல்லுக்கும் வேருக்கும்கூட இங்கிலீஷ்!

நம் ஊர்ச் செய்தியை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பாலவாக்கம் ஊராட்சியாக இருந்து 2011-ல் மாநகராட்சியில் சேர்ந்தது. குப்பத்துப் படகுகள், உப்பேறிப்போன கிணறுகள், லாரித் தண்ணீர், மழைநீர் வடிகால், ஈ.சி.ஆர். அகலப்படுத்துவதற்காக இடித்த கடைகள் என்று எழுத விஷயம் கொட்டிக்கிடக்கிறது. இதையெல்லாம் எழுத வருகிறவர் பெரும்பாலும் ஒரு பகுதிநேர நிருபர். பிரசுரமாகும் செய்திக்கு இவ்வளவு என்று கைக்கு வரும். பெட்ரோல் செலவு அவருடையது. மாநகராட்சி பட்ஜெட்டைப் படிக்கவோ, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடவோ, கோர்ட் தீர்ப்பைப் புரிந்துகொள்ளவோ யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கவுன்சிலர் கொடுக்கும் அறிக்கையை அப்படியே அனுப்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தமிழுக்குத் தனியாக யாராவது செய்யட்டுமே" என்பார்கள். யார் செய்தார்கள் தெரியுமா? லாபத்துக்குப் பத்திரிகை நடத்தியவர்கள். விகடன் பல ஆண்டுகளாக மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வந்தது. தினத்தந்தி நிறுவனர் ஆதித்தனார் தன் ஆட்களுக்காக 'இதழாளர் கையேடு' என்று புத்தகமே எழுதினார். அதற்கும் முன்னால், 1904-ல் பாரதி தொழில் கற்றுக்கொண்டது ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில், உதவியாசிரியர் நாற்காலியில். இந்த ஐயர் யார்? 1878-ல் 'தி இந்து'வைத் தொடங்கிய அறுவரில் ஒருவர். ஆங்கிலப் பேப்பர் மட்டும் போதாது என்று நாலே வருஷத்தில் தமிழிலும் ஒன்று தொடங்கியவர். அந்த நியாயம் அவருக்கு 1882-லேயே புரிந்திருக்கிறது.

2025-ல் தமிழக அரசே கோட்டூர்புரத்தில் ஒரு இதழியல் நிறுவனம் ஆரம்பித்திருக்கிறது. தமிழிலும் பாடம் உண்டு. சந்தோஷம். ஆனால் அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டியவனுக்கு அரசாங்கமே வாத்தியார் என்பது எனக்கு உறுத்துகிறது. இன்றைக்கு நன்றாக நடக்கலாம். நாளை வேறு ஆட்சி, வேறு மனுஷர்கள். இந்த வேலைக்கு ஏற்றது யாருக்கும் கைகட்டத் தேவையில்லாத ஒரு அறக்கட்டளைதான். அது தரமணியில் ஏற்கெனவே இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு வாதாடுகிறேன்.

தலைமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கால் நூற்றாண்டு ஒருவரே தலைவர் என்றால் அதில் உழைப்பும் விசுவாசமும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரஸ்ட் என்பது கோயில் மாதிரி. தர்மகர்த்தா நல்லவராகவே இருக்கட்டும், சாவி கை மாறத்தான் வேண்டும். அடுத்து வருகிறவர் மாவட்டத்தில் சைக்கிளில் சுற்றிச் செய்தி சேகரித்து மேலே வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரராக இருந்தால் என்ன கெட்டுவிடும்?

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. வருஷத்துக்கு நாற்பது பகுதிநேர நிருபர்கள், மூன்று மாதம், சனி ஞாயிறு மட்டும், தமிழில் வகுப்பு. திருப்போரூர், செய்யூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும், அன்றைய வருமானத்துக்கு ஈடாக ஒரு படியும். நன்கொடை கேட்டால் நம் தெருவிலேயே பென்ஷன்காரர்கள் பத்துப் பேர் கொடுப்போம்.