கார்பெற் வீதியில் காயும் நெல்

காலபோக அறுவடைக் காலத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். முரசுமோட்டைப் பக்கம் வீதியின் ஓரமெல்லாம் நெல் பரவிக் கிடக்கும். வாகனக்காரர் ஏசுவார்கள், பொலிஸார் அள்ளச் சொல்வார்கள். அள்ளி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? போருக்குப் பிறகு எங்களுக்குக் கார்பெற் வீதி வந்தது. நெல்லைக் காயவிட ஒரு தளம் வரவில்லை. இங்கே வயல் செய்துகொண்டு, கமக்காரர் அமைப்பின் கணக்குப் புத்தகத்தையும் பல வருடம் வைத்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மண்ணை மீளக் கட்டியெழுப்பப் போட்ட திட்டத்தின் குறை முழுவதும் அந்த வீதியோர நெல்லிலேயே தெரிகிறது.

2009 மே மாதம் வடக்கின் மீள்குடியேற்றத்துக்கும் அபிவிருத்திக்குமாக ஜனாதிபதி செயலணி ஒன்று கொழும்பில் அமைக்கப்பட்டது. பசில் ராஜபக்ஷ அதன் தலைவர். 'வடக்கின் வசந்தம்' என்ற பெயரில் வேலைகள் நடந்தன. ஏ-9 வீதி புதிதானது. 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் வந்தது. இவையெல்லாம் வேண்டியவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏ-9 வீதியால் தெற்கே போகும் லொறியில் எங்கள் பச்சை நெல் போகிறது. திரும்பி வரும் லொறியில் அதே நெல் அரிசிப் பையாக வந்து எங்கள் கடைகளிலேயே விற்கப்படுகிறது. குற்றி, அவித்து, பையில் போடும் வேலையும் அதன் இலாபமும் வேறு ஊருக்கு.

2009இன் தொடக்கத்தில் போர் துரத்த, இந்தப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால்தான் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போனோம். உழவு இயந்திரம், நீர்ப்பம்பி, விதைநெல், மாடு என்று கொண்டுபோனது ஒன்றும் திரும்பவில்லை. போர் முடிந்து முகாமிலிருந்து வந்தபோது காணி இருந்தது, முதல் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் லீசிங் கம்பனிகளும் நுண்கடன்காரரும் வந்தார்கள். இந்தியா 50,000 வீடுகளுக்கு நன்கொடை தந்தது. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டக்கட்டத் தவணையாக. அந்த உதவியை மறக்க மாட்டோம். ஆனாலும் சீமெந்தும் கூலியும் ஏற, வீட்டை முடிக்கக் கடன்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. வருமானம் வரும் வழியைத் திறக்காமல் கடன் வாங்கும் வழியை மட்டும் அகலத் திறந்துவிட்டார்கள். கடைசியில் 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கி நிலுவையில் நின்ற, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

வயல்காரருக்கு இந்தக் கடன் எப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது என்பதை வெளியிலிருப்பவர்கள் அறியவேண்டும். விதைக்கும்போது நகை அடகுக்குப் போகும். உரமும் மருந்தும் கடையில் கடன். வெட்டு மெசின் வயலை விட்டு ஏறும்போதே கூலி கொடுக்கவேண்டும். நெல் சந்தைப்படுத்தல் சபை வழக்கமாக ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்பட்ட நெல்லை எடுக்காது. அது கொள்வனவைத் தொடங்கும் நாளுக்குள் எங்களில் பெரும்பாலானோர் வயற்கரையிலேயே, வியாபாரி சொன்ன விலைக்கு, ஈரத்தோடு விற்று முடித்திருப்போம். சில மாதம் வைத்திருந்தால் விலை ஏறும் என்று இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். வைத்திருக்கக் களஞ்சியமும் இல்லை, பொறுத்திருக்கப் பணமும் இல்லை. ஆக, எங்களுக்கு வேண்டியது நான்கு: காயவிடும் தளம், மழைநாளுக்கு உலர்த்தும் இயந்திரம், களஞ்சியத்தோடு ஓர் ஆலை, களஞ்சியத்தில் வைத்த நெல்லையே ஈடாகப் பிடித்துக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கும் கடன். நான்கும் கூட்டுறவின் பெயரில் இருக்கவேண்டும்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். வந்த பணத்தைச் சுழலவிடுவதுதான் வழி; அதற்கு உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கா 1948 முதல் 1951 வரை மேற்கு ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டொலர் கொடுத்தது. பெரும்பகுதி நன்கொடை. மேற்கு ஜேர்மனி அதைச் செலவழித்துத் தீர்க்கவில்லை. இறக்குமதிப் பொருளுக்கு உள்நாட்டார் செலுத்திய பணத்தை ஒரு நிதியத்தில் சேர்த்து, 1948இல் தொடங்கிய மீள்கட்டுமான வங்கி மூலம் தொழில் செய்வோருக்குக் கடனாகக் கொடுத்தது. திரும்பி வந்ததை மறுபடி கொடுத்தது. அந்த நிதியம் இன்றும் சுழல்கிறது. எங்களுக்கு வந்த நன்கொடையில் சிறு பங்காவது இப்படி இங்கேயே சுழல விடப்பட்டிருந்தால், நுண்கடன்காரர் வாசலுக்கு வரும் தேவை எவ்வளவோ குறைந்திருக்கும். வட மாகாண சபை முதலமைச்சர் நிதியம் என்று ஒன்று அமைக்க முயன்றது. அதுவும் கைகூடவில்லை. 2018 ஒக்டோபரில் சபையின் காலமே முடிந்தது.

திட்டம் போடும் முறையைக் கற்கத் தூரதேசம் போகவேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் முன் கூட்டம் நடக்கிறது. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று முதலில் பார்ப்பார்கள். பிறகுதான் எத்தனை ஏக்கர் என்ற பேச்சு. அரசாங்க அதிபர் முன்னால் கமக்காரர் எழுந்து வாதாடுவார்கள், சண்டையும் வரும். ஆனால் முடிவு எல்லோருக்கும் தெரிந்த முடிவாக இருக்கும். இதே குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் குடிநீர்த் திட்டத்தில் அந்த ஒழுங்கு இருக்கவில்லை. கமக்காரர் எதிர்த்தார்கள், இழுபறி வருடக்கணக்கில் நீண்டது, கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டினார்கள். யாழ்ப்பாணத்துச் சனத்தின் தாகமும் உண்மை, எங்கள் வயலும் உண்மை. முதலிலேயே இருபகுதியையும் இருத்திப் பேசியிருந்தால் அத்தனை கசப்பு வந்திராது.

இப்போது பரந்தனில் கைத்தொழில் வலயம் என்று அரசு பேசுகிறது. வரட்டும், இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தைக் கண்ட ஊர் இது. அந்த வலயத்துக்கு வரைபடம் கீறுமுன் எங்கள் கண்டாவளையிலும் ஒரு கூட்டம் வையுங்கள். எங்கள் கணக்குப் புத்தகங்களைக் கொண்டு வருகிறோம். வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள்: கோயிலுக்கும் பள்ளிக்கூட வளைவுக்கும் கொடுப்பதில் ஒரு பங்கை, கூட்டுறவு அரிசி ஆலை ஒன்றின் பங்குப் பணமாகப் போடுங்கள். அடுத்த காலபோக நெல்லையாவது நாங்கள் காயவைத்து, குற்றி, எங்கள் பெயரிட்ட பையில் விற்கவேண்டும்.