சிசுவின் துடிப்பும் மறைவான ஞானமும்



அண்மையில் மதரஸாவில் மாலைப் பாடம் முடிந்து எழுந்த வேளை, பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார்: “ஹஜ்ரத், குறைமாதக் குழந்தைக்கு நாளை என்ன நேரும் என்பதைக் கணினி முன்கூட்டியே சொல்கிறதாமே! அல்லாஹ் ஒருவனுக்கே உரிய மறைவான ஞானத்தில் கைவைப்பதல்லவா இது?” சுற்றியிருந்தோர் பலர் ஆமெனத் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்பே நம்மை எழுத வைத்தது.

கருவி யாது செய்கிறது என முதலில் அறிவோம். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘ஹீரோ’ என்னும் மென்பொருள், தீவிர சிகிச்சைப் பிரிவிலுள்ள சிசுவின் இதயத்துடிப்பை இடையறாது கவனிக்கிறது. நலமான சிசுவின் துடிப்பு கணத்துக்குக் கணம் சற்றே கூடியும் குறைந்தும் இயங்கும். இரத்தத்தில் கிருமித்தொற்று பரவத் தொடங்கினால் அந்த ஏற்ற இறக்கம் மங்கும். இடையிடையே துடிப்பு தாழ்ந்து மீளும். நோய் கண்ணுக்குப் புலப்படுமுன்பே இம்மாற்றம் தோன்றக்கூடும். அதனை மென்பொருள் ஓர் எண்ணாக்கித் திரையில் காட்டுகிறது. எண் 2 எனில், அடுத்த 24 மணி நேரத்தில் தொற்றால் நிலை மோசமாகும் வாய்ப்பு சராசரியைப் போல் இருமடங்கு என்று பொருள்.

மேகம் கறுப்பதைக் கண்டு களத்து நெல்லை அள்ளும் உழவன் மறைவானதை அறிந்தவனா? அல்லாஹ் படைத்த உடலில் அவனே வைத்த அடையாளத்தை வாசிப்பது எவ்வாறு வரம்பு மீறலாகும்? லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனத்தை இதற்கு எதிராக எடுத்துக்காட்டுவோர், வாய்ப்பைக் கணிப்பதையும் உறுதியாக அறிவதையும் ஒன்றெனக் குழப்புகின்றனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பித்தவர் நம் நபி (ஸல்) அவர்கள்.

இதன் பயனும் சோதிக்கப்பட்டுள்ளது. 9 அமெரிக்க மருத்துவமனைகளில், 1500 கிராமுக்கும் குறைந்த எடையுடன் பிறந்த 3003 சிசுக்களிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. எண் மருத்துவருக்குக் காட்டப்படாத பிரிவில் இறப்பு 10.2 விழுக்காடு, காட்டப்பட்ட பிரிவில் 8.1. செயற்கைச் சுவாசமின்றிக் கழிந்த நாள்களே அவ்வாய்வின் முதன்மை அளவுகோல். அதில் ஐயமற்ற வேறுபாடு கிட்டவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. எனினும் நூற்றுக்கு இரண்டு உயிர் என்பது, அந்த இரு தாய்மாருக்கு முழு உலகமன்றோ?

இனி மறுகரையில் நிற்போருக்கும் ஒரு சொல். ‘கணினியே பார்த்துக்கொள்ளும்’ என்று அமைதியடைவதும் பிழையே. எண்ணைக் கண்டபின் யாது செய்வது என அந்த ஆய்வு மருத்துவருக்குக் கட்டளையிடவில்லை. சிசுவைத் தொட்டுப் பார்ப்பதும், இரத்தம் எடுத்துச் சோதிப்பதும், மருந்தைத் தொடங்குவதும் அவர் பொறுப்பில் விடப்பட்டன. எண் தாழ்ந்திருந்தும் சிசு பால் குடிக்க மறுக்கிறது, நிறம் வெளிறுகிறது என்று செவிலியர் கண்டால், அவர் கண்ட காட்சிக்கே முதலிடம். தகுதியின்றி மருத்துவம் பார்த்துத் தீங்கிழைத்தவரை இழப்புக்குப் பொறுப்பாளியாக்குகிறது நம் ஃபிக்ஹு. ‘மென்பொருள் சொன்னது’ என்பது அங்கே விடையாகாது. மறுமையில் கேள்விக்கணக்கு மனிதனுக்கே உண்டு, மென்பொருளுக்கு இல்லை.

எனவே பெற்றோரே, இத்தகைய கருவியைக் கண்டு அஞ்சாதீர். அதன் முன் மண்டியிடவும் வேண்டாம். “எண் கூடியபோது சிசுவிடம் என்ன கண்டீர்கள்? என்ன முடிவெடுத்தீர்கள்?” என மருத்துவரிடம் பணிவுடன் கேளுங்கள். குழந்தை அல்லாஹ் தந்த அமானத். கேட்பது உங்கள் கடமை. கேட்டபின் கையேந்தி துஆ செய்யுங்கள். ஷிஃபா அளிப்பவன் அவனே.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.