ஆளுக்கொரு உத்திரம்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் நமது சபையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: "பெண்பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரட்டும், முடியாவிட்டால் தையல் படிக்கட்டும். விடுதி வேண்டாம்." பாசமும் பக்தியுமாய்த் தோன்றுகிற இந்தப் பேச்சை நான் எதிர்க்கிறேன்.

போய்வருவது என்றால் என்ன? பந்தலூர் பஜாரிலிருந்து கூடலூருக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சேரங்கோடு, கொளப்பள்ளி, அய்யன்கொல்லிப் பக்கத்துத் தோட்ட லயன்களில் இருப்பவளுக்குப் பேருந்து நிறுத்தம்வரை நடப்பதே முதற்பாடம். ஆடி மழையில் தேவாலாவில் சாலை எது, ஓடை எது என்று தெரியாது. யானை வழியில் நின்றால் பேருந்தும் நிற்கும். 2024 ஜனவரியில் மேங்கோ ரேஞ்ச் அருகே மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றபோது நாம் எப்படி நடுங்கினோம்! இருட்டில் தேயிலைக்காட்டு வழியே மகளை நடக்கவிடுவது பாதுகாப்பாம். காவலும் கதவும் உள்ள இடத்தில் விடுவது ஆபத்தாம். இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

வீடு, வீடு என்கிறோம். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே நம்மில் பலர். டான்டீ கொடுத்த வீட்டில் இருக்கிறோம். ஓய்வு பெற்றால் அதையும் காலிசெய்ய வேண்டும். நமக்கே நிலைக்காத அந்த லயன் அறையில், தொலைக்காட்சிக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவே உட்கார்ந்து பட்டம் வாங்கு என்று பிள்ளைக்குச் சொல்வது எந்த நியாயம்?

வேதத்தில் விடுதி இல்லை என்று ஒரு சகோதரர் சொன்னார். இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எலிசாவோடு தங்கியிருந்த தீர்க்கதரிசிகளின் புத்திரருக்கு இடம் போதவில்லை. அவர்கள் யோர்தானுக்குப் போய், ஆளுக்கொரு உத்திரம் வெட்டி, குடியிருக்கத் தங்களுக்கு ஓர் இடம் உண்டாக்க அனுமதி கேட்டார்கள். எலிசா தடுக்கவில்லை, தாமும் கூடப் போனார். தண்ணீரில் விழுந்த கோடரியும் இரவல் வாங்கியதே. அவ்வளவு ஏழைப் பிள்ளைகள். அதற்கு முன்பே அவர்களுடைய சாப்பாட்டுப் பானையில் பேய்க்கொம்மட்டி விழுந்து கூக்குரல் எழுந்தது. (விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய முறையீடு அன்றே தொடங்கிவிட்டது!) எலிசா அதற்காக அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, மாவைப் போட்டுப் பானையைச் சரிசெய்தார். நம் விடுதிகளில் தண்ணீர் இல்லை, காப்பாளர் சரியில்லை என்றால் அதைத் திருத்தத் திரண்டு போவோம். பிள்ளையின் படிப்பை நிறுத்துவது பரிகாரமாகாது.

இதைவிட வேதனையான பேச்சு ஒன்று உண்டு. "சபையே விடுதி கட்டட்டும், ஆனால் நம் பிள்ளைகளுக்கு மட்டும்." பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளோடு ஓர் அறையா என்பதே இதன் உட்பொருள். சேரன்மாதேவி குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். அதை நடத்தியவர் வ.வே.சு. ஐயர், நாட்டுக்காகத் துன்பப்பட்டவர், பெரும் அறிஞர். இரண்டு பிராமணச் சிறுவருக்குத் தனியே சோறு போட்டார்கள். அந்தத் தனிப்பந்தியால் 1925-இல் தமிழகமே கொதித்தது. குருகுலம் அதிலிருந்து மீளவில்லை. நூறாண்டு கழித்து, 2025-இல், அரசு தன் மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தது. பெயரை அரசு வைக்கலாம். பந்தியில் பக்கத்தில் உட்காரவேண்டியவர்கள் நாம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, சிலர் வந்ததும் பின்வாங்கினான். பவுல் அவனை முகமுகமாய் எதிர்த்தான். சபையின் முதல் பெரிய சண்டைகளுள் ஒன்று சாப்பாட்டுப் பந்தியைப் பற்றியதே.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தபோது வகுப்பறைகளோடு சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்ற மூன்று விடுதிகளையும் கல்வியின் பாகமாகவே கருதியது. அந்நியனோடு அறையைப் பகிர்வது, உணவுக்கணக்கைப் பார்ப்பது, சண்டையிட்டவனோடு மறுநாள் காலை ஒரே குழாயில் முகம் கழுவுவது: இவையும் பாடமே. லயனில் வளர்ந்த நம் பிள்ளைகள் இதில் பாதியை ஏற்கனவே அறிந்தவர்கள்.

பிள்ளை கெட்டுப்போகும் என்கிறீர்கள். தானியேல் பாபிலோன் அரமனையில் மூன்று ஆண்டுப் பயிற்சிக்கு நிறுத்தப்பட்டபோது தாய் கூடப் போகவில்லை. வீட்டில் ஊட்டியது அங்கே நின்றது. பதினேழு ஆண்டு நாம் ஊட்டியதன்மேல் நமக்கே நம்பிக்கை இல்லையென்றால், குற்றத்தை விடுதியின்மேல் ஏற்றவேண்டாம்.

வருகிற சபைக் கமிட்டியில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையைப் புதிய ஒலிபெருக்கிக்கு ஒதுக்கும் தீர்மானம் வருகிறது. அதை எதிர்ப்பேன், அந்தத் தொகை விடுதிக் கட்டணத்துக்குப் போகவேண்டும் என்று கேட்பேன். இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளின் பெற்றோர், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாதிரி வீட்டுக்கு வாருங்கள். விடுதி விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம். வருமானச் சான்றிதழ் நகல் இரண்டு கொண்டுவாருங்கள்.